அத்தியாயம் 14: பெல்ட்டைப் பிடிக்க ஆள் இல்லை

போன வாரம் அண்ணி சமையல் மேடை ஓரமாக நின்று ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டாளே, அதன் பலன் இன்று காலை ஆறரை மணிக்கே சீருடை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தது.

மறந்தவர்களுக்காக நாலு வரி. அண்ணியின் கணவர் ரோந்து போலீஸ். ஸ்டேஷனில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். எட்டு வருஷமாக ஒரே காரில் அவரோடு ஜோடியாகப் போகிறவருக்கு ‘அவசரம்’ என்று பெயர். இரண்டும் பேச்சை வைத்து வந்த பெயர்கள். நிதானம் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவசரம் மூன்று வாக்கியம் பேசி, டீயும் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிடுவார். ஆள் பற்றாக்குறை தாங்காமல், காருக்கு ஒருத்தரை மட்டும் அனுப்பலாமா என்று மேலே இருப்பவர்கள் யோசித்தார்கள். குடும்பத்தாரின் கருத்தைக் கேட்டு வீட்டுக்கு வீடு ஒரு படிவம் வந்தது. ‘உங்கள் கணவர் அல்லது மனைவி ரோந்துக்குத் தனியாகப் போவதை விரும்புகிறீர்களா, ஜோடியாகப் போவதையா?’

அண்ணி ‘தனியாக’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். உறையை ஒட்டினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

புத்தி பிசகிப்போய் அவள் அப்படிச் செய்யவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கிடங்குச் சுவரை அவசரம் ஏறிக் குதித்தார், பின்னாலேயே நிதானமும் குதித்தார். நிதானம் முதுகில் பதினொரு தையலோடு வீடு வந்து சேர்ந்தார். அவசரத்துக்குத் தோள் எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து அண்ணியின் மனசில் ஒரே எண்ணம்தான். தனியாகப் போகிற ஆளுக்குப் பயம் இருக்கும், பயம் இருந்தால் வாசலிலேயே நின்று உதவிக்கு ஆள் வரட்டும் என்று காத்திருப்பார். ஜோடி என்று ஒருத்தர் இருந்தால்தான் ஒருத்தர் கிறுக்கு இன்னொருத்தருக்கும் தொற்றிக்கொள்ளும்.

போலீஸ் குடும்பங்களின் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தார்கள். “ஜோடி இருந்தா, ஏதாவதுன்னா வீட்டுக்கு வந்து சொல்றதுக்காவது ஒரு ஆள் மிஞ்சும்” என்றாள் ஒருத்தி. பெண் போலீஸ் ஒருவரின் கணவர், தையல்காரர், “என் வீட்டுக்காரி தனியாப் போனா எதிர்ல வர்றவனுக்குத்தான் துணை வேணும்” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். சிரிக்க வைத்துவிட்டு அவரும் ‘ஜோடியாக’ என்றுதான் டிக் போட்டார் என்று பிறகு தெரிந்தது. அவசரத்தின் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், வாயே திறக்கவில்லை. அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நேற்று சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். ஏழு கார். ஆறு காருக்கு இரண்டிரண்டு பெயர். ஏழாவது காருக்கு ஒரே பெயர், நிதானத்தின் பெயர். அவசரத்தை நாலாம் காரில் புதிதாக வந்த ஒரு பையனோடு போட்டிருந்தார்கள்.

“ஏங்க, ஏழு கார்ல உங்க கார் மட்டும் ஏன்?” என்று அண்ணி கேட்டாள். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

நிதானம் சீப்பைக் கீழே வைத்தார். ஒரு பதில் சொல்ல அவருக்கு எப்போதும் இவ்வளவு நேரம் ஆகும்.

“யாருக்காவது விழணும். எனக்கு விழுந்திருக்கு.”

“முடியாதுன்னு சொல்லலாம்ல?”

“சொல்லலாம். அப்புறம் வேற ஒருத்தன் போவான். அவன் பொண்டாட்டி அவனை இதே கேள்வி கேப்பா.”

ஃபோனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பித்தானை மாட்டினார். முதுகுத் தழும்பு இழுக்கும்போது வழக்கமாகச் செய்வதுபோல ஒரு தோளை மட்டும் ஏற்றி இறக்கினார்.

வெளியே சாப்பாட்டு மேஜையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். நிதானத்தின் தங்கை. போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் மைக் முன்னால் உட்கார்ந்து கார்களை அங்கும் இங்கும் அனுப்புவது அவள் உத்தியோகம். அதனால் வீட்டில் அவளுக்கு ‘மைக்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் போலீஸ் குடியிருப்பு முழுக்க, அவசரம் உட்பட, அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

“மைக், அரை மணிக்கு ஒரு தடவை எனக்கு ஒரு வார்த்தை...”

“அண்ணி, அதை மட்டும் கேக்காதீங்க.”

அண்ணிக்குக் காரணம் தெரியும். போன வருஷம் கட்டுப்பாட்டு அறையில் ஒருத்தி, பரிதாபப்பட்டு ஒரு போலீஸ்காரரின் மனைவிக்கு ஃபோன் செய்து நடப்பதைச் சொல்லிவிட்டாள். அந்த மனைவி நேராகச் சம்பவ இடத்துக்கே ஓடி வந்து நடுத்தெருவில் நின்றாள். சொன்னவளுக்கு மறுநாளே வேலை போனது.

“தனியாப் போற காரை அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டே ஆகணும்னு சட்டம். நான்தான் கூப்பிடுவேன். ‘ஏழு, நிலவரம்’னு கேப்பேன். ‘ஏழு, நலம்’னு அண்ணா சொல்லுவாரு. இன்னிக்கு உங்களைவிட நான்தான் அவர்கூட அதிகம் பேசப்போறேன், போங்க.”

“உனக்குப் பயமா இல்லையா?”

“மைக் முன்னால உக்காந்தா பயம் வராது அண்ணி. சம்பளமே அதுக்குத்தான்.”

சொன்னவளின் டீ குடிக்காமலே ஆறிக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். அண்ணி ஜன்னலில் நின்று பார்த்தாள். காரில் நிதானம் ஏறினார். பக்கத்து இருக்கையின் கதவு திறக்கவே இல்லை. அந்த மூடிய கதவைப் பார்த்ததும்தான் தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைக்க ஆரம்பித்தது.

அண்ணி வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. கை சுத்தம் என்று பெயரெடுத்தவள். இன்று அந்தக் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை.

மெஷின் சுழலும் சத்தத்துக்குள் அவளுக்கு மாடிப்படிகள் தெரிந்தன. பாதி திறந்த கதவு தெரிந்தது. கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. தனியாகப் போனால் வாசலில் நிற்பார், நின்றே ஆக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நின்றுகொண்டிருக்கும்போது பின்னால் இருந்து யாராவது வந்தால் என்ன ஆகும் என்று அந்தப் படிவத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை.

“இதென்ன, வலது கண்ணை இடது கண்ணுக்குத் தேய்ச்சு வச்சிருக்கே?” கடை முதலாளி லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பன்னெண்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்ல சார். வேற தேய்ச்சுடறேன்.”

வேறு தேய்க்கவில்லை. பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனை எடுத்தாள். மணி பதினொன்று இருபத்தெட்டு. ஒரு வார்த்தை கேட்டால் போதும், நிம்மதியாகிவிடும். கூப்பிட்டாள்.

மணி அடித்தது. எடுக்கவில்லை.

மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

இத்தனை வருஷமாக வேலை நேரத்தில் கூப்பிட்டால் பாதி நாள் அவசரம்தான் எடுப்பார். ‘அண்ணி, நிதானம் ஒரு வேலையா உள்ள போயிருக்கார், ஃபோன் எங்கிட்ட இருக்கு, பத்து நிமிஷத்துல பேசச் சொல்றேன், சாப்பிட்டீங்களா’ என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவார். அது அந்த இரண்டு பேரின் ஏற்பாடு. ஒரு வாசலுக்கோ மாடிப்படிக்கோ போகும்போது, முன்னால் போகிறவர் ஃபோனைப் பின்னால் நிற்கிறவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். வேண்டாத நேரத்தில் சட்டைப் பையில் மணி அடித்துக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது அல்லவா. சைலண்ட்டில் போடவும் வழியில்லை. ஒரு தடவை நிதானம் சைலண்ட்டில் போட்டு மறந்துபோய் நாள் முழுக்க எடுக்காமல் இருந்தார். அண்ணி அழுது குடியிருப்பையே கூட்டிவிட்டாள். இனிமேல் போடவே மாட்டேன் என்று அன்றைக்கு அவர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

மூன்றாவது தடவை மணி அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. இன்றைக்கு ஃபோனை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. ஃபோன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் எந்த வாசலில் நிற்கிறாரோ, அங்கே இப்போது சத்தமாக அடித்துக்கொண்டிருப்பது அவள்தான்.

சட்டென்று துண்டித்தாள். ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு, அது கடிக்கும் என்பதுபோல இரண்டடி தள்ளி நின்றாள்.

முதலாளியிடம் தலைவலி என்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் அனுப்பிவிட்டார். பஸ்ஸில் ஸ்டேஷன் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கும்பிடாத தெய்வம் இல்லை. கொடுத்த படிவத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய திட்டம்.

ஸ்டேஷன் முற்றத்தில் நாலாம் காருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாற்றியது புதுப் பையன். பக்கத்தில் நின்று எப்படி மாற்றுவது என்று இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தது அவசரம்.

“அண்ணி, நீங்க எங்க இங்க?”

“அவர் நல்லா இருக்காரா?”

அவசரம் உடனே பதில் சொல்லவில்லை. அவர் உடனே பதில் சொல்லாமல் அண்ணி பார்த்ததே இல்லை.

“இப்பத்தான் வயர்லெஸ்ல குரல் கேட்டேன். நல்லா இருக்கார். சத்தியமா நல்லா இருக்கார்.” பையனை விட்டுத் தள்ளி அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போனார். “வேலை நேரத்துல இனிமே அவருக்கு ஃபோன் பண்ணாதீங்க அண்ணி.”

அந்த ஒரு வார்த்தையில் அண்ணி உடைந்துபோனாள். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். டிக் போட்டது, உறையை ஒட்டியது, யாரிடமும் சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் போட்டாள் என்பதை மட்டும் சொல்ல முடியாமல் நிறுத்தினாள்.

“என்னாலதானே?” என்றார் அவசரம். “நான் சுவர் ஏறிக் குதிச்சேன், அவர் பின்னாலயே வந்தாருன்னு.”

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. எட்டு வருஷமா நீங்க கூப்பிட்டா ஃபோனை எடுத்தது யாரு?”

“நீங்கதான்.”

“டீச்சர் எனக்குக் கூப்பிடும்போது ஒரு நாளாவது நிதானம் எடுத்திருக்காரா, அவளைக் கேட்டுப் பாருங்க.”

அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. முன்னால் போகிறவர் ஃபோனைப் பின்னால் நிற்கிறவரிடம் கொடுப்பார். ஃபோனை எப்போதும் வாங்கி வைத்திருந்தது அவசரம். அப்படியென்றால் எப்போதும் முன்னால் போனது யார் என்று யோசித்தாள். எட்டு வருஷமாக அவள் காதிலேயே விழுந்துகொண்டிருந்த செய்தி இது.

“சுவர் ஏறினது அவர்” என்றார் அவசரம். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை. “பேசும்போதுதான் அவர் நிதானம். ஒரு கதவு பாதி திறந்திருந்தா அவரால நிக்க முடியாது. உள்ள யாரோ அழற சத்தம் கேட்டா கேக்கவே வேண்டாம். இடுப்பு பெல்ட்டைப் பிடிச்சுப் பின்னால இழுக்கறதுதான் எட்டு வருஷமா என் வேலை. அன்னிக்கு எனக்குப் பெல்ட் கைக்கு எட்டல. அதான் நானும் குதிச்சேன்.”

“எங்கிட்ட ஏன் மாத்திச் சொன்னீங்க?”

“வீட்டுல சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டார். எனக்குத்தான் ஏற்கெனவே அவசரம்னு பேர் இருக்கே. கூட ஒண்ணு சேர்ந்தா என்ன குறைஞ்சுடப்போறேன்.”

“டீச்சருக்குத் தெரியுமா?”

“தெரியும். தெரிஞ்சுதான் ‘ஜோடியாக’ன்னு டிக் போட்டா. கீழே காரணம்ன்ற இடத்துல, ‘அதே ஜோடி’ன்னு எழுதினா.”

கூட்டத்தில் தன் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்த டீச்சரின் முகம் அண்ணிக்கு நினைவு வந்தது. தன் புருஷன் தோள் உடையக் காரணமானவரின் மனைவி இவள் என்று தெரிந்தும் அந்தக் கையை அவள் விடவில்லை. அண்ணிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பயம் பெரிதாக இருந்தது. நிற்கத் தெரிந்த மனுஷர் என்று நம்பி, நிறுத்துகிற ஆளைப் பிரித்துவிட்டு அவரை அனுப்பி வைத்திருக்கிறாள்.

படிவங்களை வாங்கி வைக்கும் நலப்பிரிவு அறை மாடியில் இருந்தது. அங்கே எழுத்தராக இருந்த அம்மாள், அண்ணி பொருத்திக் கொடுத்த கண்ணாடியைத்தான் போட்டிருந்தாள். அதனால் சட்டத்தை முழுசாகச் சொல்லாமல் பாதி சொல்லி, அலமாரியைத் திறந்தாள்.

“வாபஸ் வாங்கலாம்மா. ஒரு கையெழுத்து போதும். ஆனா பட்டியல் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் மாறும். இன்னிக்கு முதல் நாள். இன்னும் பதினாலு நாள் இதுதான்.”

“நான்தானே போட்டேன். நானே வேண்டாம்னு சொன்னா உடனே மாத்த முடியாதா?”

“நீ மட்டும் போட்டா ஒண்ணும் ஆகாதும்மா. வீட்டுல ஒண்ணு, வேலை பாக்கறவர் கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு படிவம். ரெண்டுலயும் ‘தனியாக’ன்னு இருந்தாத்தான் தனியா அனுப்புவாங்க. மொத்த ஸ்டேஷன்லயும் ரெண்டும் பொருந்தி வந்தது உங்க வீடு ஒண்ணுதான்.”

இரண்டு தாள்களையும் சேர்த்துப் பின் அடித்திருந்தார்கள். மேலே அவளுடையது. கீழே நிதானத்துடையது. தேதி அவள் போட்டதற்கு முந்தின நாள். காரணம் என்ற இடத்தில், அவருடைய அந்தப் பொறுமையான கையெழுத்தில் ஒரே வரி. ‘என்னால் என் ஜோடிக்கு இன்னொரு முறை அடிபடக் கூடாது.’

யாருக்காவது விழணும் என்று காலையில் சொன்னார். விழவில்லை, கேட்டு வாங்கியிருக்கிறார். தன்னை நிறுத்த முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அதனால் மற்றவரையாவது காப்பாற்றலாம் என்று கழன்றுகொண்டிருக்கிறார்.

எழுத்தர் பேனாவை நீட்டினாள். அண்ணி வாங்கினாள். கையெழுத்துப் போட்டால் பதினாலு நாள் கழிந்ததும் அவசரம் மறுபடி அந்தக் காரில் ஏறுவார், மறுபடி ஒரு பெல்ட்டைப் பிடித்துத் தொங்குவார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். டீச்சரின் புருஷனைத் தன் புருஷனுக்குக் கவசமாக நிறுத்துகிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. சுயநலம்தான். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வரும்போது நாலு மணி. நாத்தனார் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றாமல், காலையில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“பதினொன்றரைக்கு நீங்க ஃபோன் பண்ணீங்களா அண்ணி?”

அண்ணி எதிரே உட்கார்ந்தாள்.

“பதினொன்றரைக்கு நான் ‘ஏழு, நிலவரம்’னு கேட்டேன். பதில் இல்ல. மறுபடி கேட்டேன். இல்ல. மூணாவது தடவையும் இல்லன்னதும் நாலாம் காரை அனுப்பினேன். ஒன்பது நிமிஷம் அண்ணி. ஒன்பது நிமிஷமும் குரல் மாறாம ‘ஏழு, ஏழு, ஏழு’ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். குரல் மாறினா மத்த கார்ல இருக்கறவங்க பயந்துடுவாங்கன்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க.”

அவள் குரல் இப்போதும் மாறவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அவசரம் உடனே பதில் சொல்லாதது ஏன் என்று அண்ணிக்கு இப்போது விளங்கியது. போன காரே அவருடையதுதான்.

ஐந்து மணிக்கு நிதானம் வந்தார். வந்து வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். காதுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்திரி. அண்ணி அதைப் பார்த்தாள். தங்கை பார்த்தாள். இரண்டு பேரும் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“ஒண்ணும் நடக்கல” என்றார்.

“உங்க படிவத்தைப் பாத்தேன்” என்றாள் அண்ணி. “நானும் ‘தனியாக’ன்னுதான் போட்டேன்.”

“தெரியும். ரெண்டும் பொருந்தினாத்தான் அனுப்புவாங்கன்னு நேத்து பட்டியல் ஒட்டும்போதே சொன்னாங்க.” ஒரு லேஸை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் ஆனது. “நீ ஏன் அப்படிப் போட்டேன்னு உன்னைக் கேக்க எனக்குத் தைரியம் வரல.”

“அவசரம் எல்லாத்தையும் சொல்லிட்டார். சுவரு, பெல்ட்டு, எல்லாத்தையும்.”

நிதானம் தலையை ஆட்டினார். பிறகு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். எதிரெதிர் வீட்டுச் சண்டை, மூன்றாவது மாடி. ஏறும்போது வயர்லெஸ் சத்தத்தைக் குறைத்து வைத்தார். ஃபோன் ஞாபகமே வரவில்லை. எட்டு வருஷமாக அதை வாங்கி வைக்க ஒரு ஆள் இருந்தார் அல்லவா. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் அழும் சத்தம். கதவில் கை வைத்தார்.

“அப்பத்தான் நீ கூப்பிட்டே. நின்னுட்டேன். நின்ன அதே நேரத்துல ஒரு இஸ்திரிப் பெட்டி பறந்து வந்து நிலைக்கதவுல மோதுச்சு, சிராய் தெறிச்சுக் காதுக்குப் பின்னால கீறிடுச்சு. உள்ள போயிருந்தா அது என் தலையிலதான் விழுந்திருக்கும்.” கொஞ்சம் நிறுத்தினார். “இல்ல, உன் ஃபோன் சத்தம் கேட்டதாலதான் அவன் எறிஞ்சானா, அதுவும் தெரியல.”

அண்ணி அந்தப் பிளாஸ்திரியை மறுபடி பார்த்தாள்.

“அப்புறம் படியில இறங்கி நின்னேன். நாலாம் கார் வர்ற வரைக்கும் உள்ள போகல. வயர்லெஸ் சத்தத்தை மறுபடி கூட்டணும்னுகூடத் தோணல, நிக்கறதுலயே குறியா இருந்தேன். இத்தனை வருஷத்துல நான் ஒரு வாசல்ல நின்னது இதுதான் முதல் தடவை.”

“நான் வாபஸ் வாங்கிட்டேன்” என்றாள் அண்ணி. “ஆனா பதினாலு நாள் இருக்காம்.”

“பதினாலு நாள்” என்றார் அவரும். ஷூவை ஓரமாகத் தள்ளி வைத்தார். அவர் முகத்தில் இருந்தது பயம் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. இதற்கு முன்னால் அதை அவள் அங்கே பார்த்ததில்லை. “நாளைக்கும் கூப்பிடு.”

“எப்ப?”

“நான் வாசல்ல நிக்கும்போது.”

“நீங்க எப்ப வாசல்ல நிக்கறீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

வெறும் காலோடு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“எனக்குத் தெரியும்” என்றாள் நாத்தனார்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“அண்ணா காரை விட்டு இறங்கினா எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் இறங்கணும். எந்த வீடு, எத்தனாவது மாடி, எல்லாம் என் முன்னால இருக்கும். மேஜைக்கு அடியில என் ஃபோனை வச்சுக்கறேன். அண்ணிக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன். அண்ணி உங்களைக் கூப்பிடட்டும்.”

“வேலை போயிடும் மைக்” என்றார் நிதானம்.

“போகட்டும். இன்னொரு ஒன்பது நிமிஷம் என்னால உக்கார முடியாது.”

வேண்டாம் என்று சொல்ல வேண்டியது அண்ணிதான். போன வருஷம் வேலை போனவள் இன்னும் வேலை கிடைக்காமல் இருப்பது அவளுக்குத் தெரியும். தான் தப்பான நொடியில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதும், காதோரப் பிளாஸ்திரியைப் பார்த்த பிறகு, தெரியும். அண்ணன் தங்கை இரண்டு பேரின் தலையும் அவள் விரலில் வந்து நிற்கும். நாத்தனார் சின்னப் பெண், பதறிப்போய்ப் பேசுகிறாள், பெரியவளாக லட்சணமாக அதட்டி உட்கார வைக்க வேண்டும்.

அண்ணி நாத்தனாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஒரு தடவை அடிச்சு வைப்பியா, ரெண்டு தடவையா?” என்று கேட்டாள்.